பேகம்பேட்: நேர்ச்சாலையில் ஒரு கண்

ஹைதராபாத்தின் பழைய விமான நிலையச் சாலையில் மோட்டார் சைக்கிள்காரரை அளக்கும் கருவி எதைப் பார்க்கிறது, எதை விட்டுவிடுகிறது?

பேகம்பேட்டுக்கு வேகம் பழகிப்போன சங்கதி. எழுபது ஆண்டுகள் ஹைதராபாத்தின் விமானங்கள் இறங்கியதும் ஏறியதும் இங்கேதான். 2008 மார்ச் 23 அன்று ஷம்ஷாபாதில் புதிய விமான நிலையம் செயல்படத் தொடங்கியதும் பயணிகள் விமானங்கள் பேகம்பேட்டிலிருந்து விடைபெற்றுக்கொண்டன. ஆனால் மூன்று கிலோமீட்டருக்கு மேல் நீளும் ஓடுதளம் அப்படியே இருக்கிறது. விமானப் படைக்கும் முக்கியப் பிரமுகர்களின் வருகைக்கும் அது பயன்படுகிறது. விமானக் கண்காட்சி நடக்கும் நாட்களில் ஊரே அண்ணாந்து பார்க்கிறது. மற்ற நாட்களில் இங்கே வேகம் என்றால் அது விமான நிலையத்தை ஒட்டி செகந்திராபாத்துக்குப் போகும் சர்தார் படேல் சாலையில்தான். இறக்கை கிடையாது, சக்கரம் இரண்டு.

இந்தப் பகுதியின் பெயரே ஒரு கல்யாணச் சீர். நிஜாமின் மகள் பஷீருன்னிஸா பேகம் பைகா பிரபு வம்சத்தில் வாழ்க்கைப்பட்டபோது சீதனமாக வந்த இடம் இது. பேகத்தின் பேட்டை பேகம்பேட் ஆனது. பைகா பிரபுக்களில் ஒருவரான விகார்-உல்-உம்ரா ஸ்பெயின் தேசத்து மசூதிகளைப் பார்த்து மயங்கி எழுப்பிய மசூதி இன்றும் ‘ஸ்பானிஷ் மசூதி’ என்ற பெயரில் நிற்கிறது. பிரபுக்களின் பிள்ளைகளுக்காக 1923-ல் ஜாகீர்தார் கல்லூரியாகத் தொடங்கியது இப்போது ஹைதராபாத் பப்ளிக் ஸ்கூல். மைக்ரோசாஃப்ட் தலைவர் சத்யா நாதெள்ளா படித்தது இங்கேதான்.

விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டடம் உண்டு. 1897 ஆகஸ்ட் 20 அன்று ரொனால்ட் ராஸ் என்ற ராணுவ டாக்டர் ஒரு கொசுவின் வயிற்றை அறுத்து மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்து, மலேரியா கிருமி அங்கே வளர்வதைக் கண்டுபிடித்தது இந்தப் பகுதியில்தான். ஹுசேன் கான் என்ற நோயாளியைக் கொசுக்களுக்குக் கடிக்கக் கொடுத்து, அதற்காக அவருக்கு அணாக் கணக்கில் கூலியும் கொடுத்தார் ராஸ். 1902-ல் நோபல் பரிசு வந்தது. ஆனால் கிருமி எங்கே இருக்கிறது என்று கண்டதோடு காய்ச்சல் நின்றுவிடவில்லை. சாக்கடையைத் தூர்ப்பதும் தேங்கிய நீரை வடிப்பதும் வேறு வேலையாக மிச்சம் இருந்தன. இந்த விஷயத்தை நினைவில் வைத்துக்கொண்டு சாலைக்கு வரலாம்.

க்ரீன்லேண்ட்ஸ் பக்கமிருந்து பேரடைஸ் வரை ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர். நடுவே டிவைடர், தலைக்கு மேல் 2017 நவம்பரில் ஓடத் தொடங்கிய மெட்ரோ ரயில். தெலங்கானாவில் பதிவான வாகனங்களில் பத்துக்கு ஏழுக்கும் மேல் இரு சக்கர வாகனங்கள் என்பதை இந்தச் சாலையின் ஒரு சிக்னலில் நின்றாலே புரிந்துகொள்ளலாம். பச்சை விழுந்ததும் முதலில் பாய்வது அவைதான்: ஆபீஸ் போகிறவர்கள், முதுகில் சதுரப் பெட்டி சுமந்து சாப்பாடு கொண்டுபோகிறவர்கள், பின் சீட்டில் ஆள் ஏற்றிச் செல்லும் வாடகை பைக்குகள், முன்னால் ஒரு குழந்தையும் பின்னால் ஒரு குழந்தையுமாகப் பள்ளிக்கு விரையும் அப்பாக்கள்.

இவர்களுக்கு ஒரு தனிக் கவலை உண்டு. ஹைதராபாத் போக்குவரத்துப் போலீசார் வண்டியை நிறுத்தி விசாரிப்பதைவிட படம் எடுப்பதையே பல ஆண்டுகளாக வழக்கமாக்கிக்கொண்டிருக்கிறார்கள். கையில் கேமராவுடன் ஓரமாக நிற்கும் காவலர் இந்த நகரத்தின் அன்றாடக் காட்சி. ஹெல்மெட் இல்லையா, பின் சீட்டில் இரண்டு பேரா, சிக்னலைத் தாண்டிவிட்டீர்களா? ஒரு க்ளிக். சலான் பிறகு வரும். வேகத்துக்கு மட்டும் கேமரா போதாது. அதற்கு ஸ்பீடு கன் வேண்டும்.

ஸ்பீடு கன்னுக்குள் இருக்கும் வித்தை எளிமையானதுதான். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசர் ஒளியை அது விட்டு விட்டு அனுப்புகிறது. வண்டியில் பட்டுத் திரும்பும் ஒளி எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டது என்பதைப் பார்க்கிறது. ஒளி விநாடிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர் போகும்; 150 மீட்டர் தொலைவில் வரும் பைக்கைத் தொட்டுத் திரும்ப விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு நேரம் ஆகும். இப்படி ஒரு விநாடியின் சிறு பகுதிக்குள் பல முறை அளந்தால், தொலைவு எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்பது தெரிந்துவிடும். அதுதான் வேகம். அது வரம்பைத் தாண்டியிருந்தால் படமும் பதிவாகும். ரேடார் வகைக் கருவியின் தத்துவம் வேறு. நம்மை நோக்கி வரும் ரயிலின் ஊதல் சற்றுக் கீச்சென்றும், கடந்து போனபின் தடித்தும் கேட்கிறதல்லவா? அதே மாற்றம் ரேடியோ அலைகளிலும் நேர்கிறது. மாற்றத்தின் அளவை வைத்து வேகம் கணக்கிடப்படுகிறது.

இதில் மோட்டார் சைக்கிள்காரர் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு. முதலாவது, கருவி சாலைக்கு நேராக இல்லாமல் பக்கவாட்டில் சாய்வாக இருந்தால் உண்மை வேகத்தைவிடக் குறைவாகத்தான் காட்டும். 20 டிகிரி கோணத்திலிருந்து பார்த்தால் 60 கிலோமீட்டர் 56 ஆகத் தெரியும். ஓரமாக நின்று அளந்ததால் வேகம் கூடிவிட்டது என்ற வாதம் எடுபடாது. அந்தப் பிழை ஓட்டுபவருக்குச் சாதகமானது. இரண்டாவது, லேசர் ஒளி போகப் போக விரியும். சாதாரணமாக 100 மீட்டரில் ஒரு சாண் அகலத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக, 30 சென்டிமீட்டர் இருக்கும். 300 மீட்டரில் அது 90 சென்டிமீட்டர். ஒரு பைக்கின் ஹேண்டில்பார் அகலம் அவ்வளவுகூட இருக்காது. கார் என்றால் ஒளி முழுவதும் அதன் மீதே விழும். பைக் என்றால் பக்கத்தில் வருகிற வண்டி மீதும் சிந்தும். ஆகவே நெரிசலான சாலையில் பைக்கை அளப்பதற்குக் கிட்டத்தில் குறிவைக்கத் தெரிந்த கை வேண்டும். மூன்றாவது, நம்பர் பிளேட். கார்களுக்கு எழுத்தின் உயரம் 65 மில்லிமீட்டர். பைக்கின் பின்னால் எழுத்து 35, எண் 40 தான். சேறு படிந்த, வளைந்த, அலங்கார எழுத்தில் எழுதிய பழைய பிளேட் என்றால் 3-ஐ 8 என்று படிக்க அதிக நேரம் ஆகாது. சலான் வந்தால் முதலில் பார்க்க வேண்டியது தொகையை அல்ல, படத்தை: அது உங்கள் வண்டிதானா?

இந்தக் கருவிகளின் பூர்வீகத்தில் ஒரு வேடிக்கை இருக்கிறது. உலகமெங்கும் சாலையோர வேகக் கேமராவுக்கு வழிகாட்டியவர் மவுஸ் கட்சோனிடஸ் என்ற டச்சுக்காரர். அவர் போலீஸ்காரர் அல்ல, கார் பந்தய வீரர். 1953-ல் மான்டி கார்லோ பந்தயத்தை வென்றவர். வளைவுகளில் தன் வேகத்தை அளந்து இன்னும் வேகமாக ஓட்டுவதற்காகத்தான் அவர் அந்தக் கருவியை உருவாக்கினார். அது திரும்பி நின்று ஓட்டுபவர்களையே பிடிக்கத் தொடங்கியது.

பேகம்பேட் சாலையில் பைக்கின் வரம்பு என்ன? 2023 ஜூனில் தெலங்கானா அரசு ஹைதராபாத்துக்கு அறிவித்தபடி, டிவைடர் உள்ள சாலையில் கார் 60 கிலோமீட்டர் வரை போகலாம்; இரு சக்கர வாகனம், ஆட்டோ, பஸ் ஆகியவை 50. டிவைடர் இல்லாவிட்டால் 50-ம் 40-ம். குடியிருப்புத் தெருக்களில் எல்லோருக்கும் 30. அதே ஆண்டு நவம்பர் 4 முதல் சென்னைப் போலீசார் கொண்டுவந்த வரம்பிலும் காருக்கு 60, பைக்குக்கு 50. ஒரே சாலை, ஒரே கருவி. 55-ல் போகும் கார்க்காரர் சட்டத்தை மதிப்பவர், பக்கத்தில் 55-ல் போகும் பைக்காரர் குற்றவாளி.

இது அநியாயம் என்று பைக்காரர்கள் முணுமுணுப்பதில் பாதி நியாயம் உண்டு. அவர்களுக்கென்று தனிப் பாதை கிடையாது. 60-க்கு உரிமை பெற்ற கார்களின் நடுவே 50-ல் போகிறவரை ஹார்ன் துரத்துகிறது. ஆனால் மறு பாதி கணக்கையும் பார்க்க வேண்டும். ஆபத்தைக் கண்டு மூளை பிரேக்கை அழுத்தச் சொல்ல ஒரு விநாடி ஆகிறது என்று வைத்துக்கொண்டால், 50-ல் போகும் வண்டி அதற்குள் 14 மீட்டர் ஓடிவிடும். 60-ல் ஏறக்குறைய 17 மீட்டர். மோதலின் வேகம் 40-லிருந்து 60 ஆனால் அதன் வலு ஒன்றரை மடங்கு அல்ல, இரண்டேகால் மடங்கு. காரில் அந்த வலுவைத் தகரமும் சீட் பெல்ட்டும் காற்றுப்பையும் பங்கு போட்டுக்கொள்கின்றன. பைக்கில் வாங்கிக்கொள்ள உடம்பு மட்டுமே இருக்கிறது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 100-க்கு 44 பேருக்கு மேல் இரு சக்கர வாகனத்தில் போனவர்கள். நூற்றுக்கு 71 சாவுகளுக்கு அதிவேகம் காரணம் என்று பதிவாகியிருக்கிறது.

ஆகவே அளக்கத்தான் வேண்டும். எப்படி அளப்பது என்பதில்தான் சிக்கல். ஸ்பீடு கன் ஒரு மரத்தின் அல்லது மெட்ரோ தூணின் நிழலில் மறைந்திருந்தால், கடைசி நேரத்தில் பார்த்தவர் பிரேக்கை அழுத்துவார். கார் அழுத்தினால் வேகம் குறையும். பைக் அழுத்தினால் சில சமயம் விழும். 2019 ஏப்ரல் முதல் 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய பைக்குகளுக்கு, சக்கரம் இறுகிச் சறுக்காமல் காக்கும் ஏ.பி.எஸ். பிரேக் கட்டாயமானது. 125-ம் அதற்குக் கீழும் உள்ளவற்றுக்கு இரு சக்கரத்தையும் சேர்த்துப் பிடிக்கும் பிரேக் போதும் என்றது அந்த விதி. நம் ஊர்களில் பெரும்பாலோர் ஓட்டுவது இந்தச் சிறிய வண்டிகளைத்தான். மழைக்காலத்தில் நாலா பொங்கித் தண்ணீர் தெருவுக்கு வரும் பேகம்பேட்டில், ஈரச் சாலையில் திடீர் பிரேக் என்பது அபராதத்தைவிடக் கனமான தண்டனை.

மறைந்து நின்று பிடிப்பதை விதிகளும் ஏற்கவில்லை. 2021 ஆகஸ்டில் மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளில் 167-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. கருவிக்கு ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் அங்கீகாரச் சான்று வேண்டும். கண்காணிப்பு இருக்கிறது என்று எச்சரிக்கும் பலகை தெளிவாக வைக்கப்பட வேண்டும். குற்றம் நடந்த 15 நாட்களுக்குள் நோட்டீஸ் போக வேண்டும். அதில் படம், அளந்த வேகம், நாள், நேரம், இடம் எல்லாம் இருக்க வேண்டும் என்றது அது. பலகை வைத்தால் எல்லோரும் மெதுவாகப் போய்விடுவார்களே, அபராதம் எப்படிக் கிடைக்கும் என்று கேட்கலாம். மெதுவாகப் போவதுதானே நோக்கம்?

உலக அனுபவமும் அதைத்தான் சொல்கிறது. பல நாடுகளில் நடந்த 35 ஆய்வுகளைத் தொகுத்து 2010-ல் வெளியான காக்ரேன் ஆய்வறிக்கையின்படி, வேகக் கேமராக்கள் உள்ள இடங்களின் சுற்றுவட்டாரத்தில் விபத்துகள் 8 முதல் 49 சதவீதம் வரை குறைந்திருந்தன. ‘சுற்றுவட்டாரம்’ என்பதுதான் கவனிக்க வேண்டிய வார்த்தை. கேமரா வரை அடக்கம், தாண்டியதும் பாய்ச்சல் என்பது எல்லா நாட்டு ஓட்டுநர்களுக்கும் பொதுவான குணம். இதற்கு மாற்றாக இரண்டு இடங்களில் கேமரா வைத்து, இடைப்பட்ட தூரத்தைக் கடக்க ஆன நேரத்தை வைத்துச் சராசரி வேகத்தைக் கணக்கிடும் முறை வந்திருக்கிறது. மும்பை–புனே விரைவுச் சாலையில் 2024 முதல் அது நடைமுறைக்கு வந்தது. ஆனால் அங்கே பைக்குகளுக்கு அனுமதியே கிடையாது. ஹைதராபாத்தின் வெளிவட்டச் சாலையிலும் மேதிப்பட்டணத்துக்கு அருகே தொடங்கும் பி.வி. நரசிம்ம ராவ் விரைவுப் பாலத்திலும் அதே கதை. நல்ல சாலைகளும் நவீனக் கருவிகளும் நான்கு சக்கரங்களுக்கு. இரு சக்கரங்களுக்குப் பஸ்சோடும் ஆட்டோவோடும் மாட்டோடும் பங்கு போடும் ஊர்ச் சாலை. கேரளத்தில் 2023 ஜூனில் பெரும் சர்ச்சையோடு தொடங்கிய 726 கேமராக்களில்கூட, வேகத்தை அளக்க வந்தவை எட்டு மட்டுமே. மிகப் பெரும்பாலானவை ஹெல்மெட்டையும் சீட் பெல்ட்டையும் பார்ப்பவை.

கருவி எதைப் பார்க்கவில்லை என்பதற்கு ஹைதராபாத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. 2021 செப்டம்பர் 10 இரவு, தெலுங்கு நடிகர் சாய் தரம் தேஜ் மாதாப்பூர் பக்கம் கேபிள் பாலத்தைக் கடந்து போகையில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து படுகாயமடைந்தார். சாலையில் மணல் கிடந்தது. ஹெல்மெட் அணிந்திருந்ததால் தலை தப்பியது. அப்போது போலீசார் சொன்ன இன்னொரு தகவல்: அந்த வண்டியின் மீது அதற்கு முந்தைய ஆகஸ்டிலேயே அதிவேகத்துக்காக 1,135 ரூபாய் சலான் போடப்பட்டிருந்தது. விபத்துக்குப் பின் ஒரு ரசிகர் அதைக் கட்டினார். கேமரா தன் வேலையை ஓராண்டுக்கு முன்பே ஒழுங்காகச் செய்துவிட்டது. அதற்குப் பின் நடந்திருக்க வேண்டியதுதான் எதுவும் நடக்கவில்லை. சாலையில் கிடக்கும் மணலோ, மறைந்திருக்கும் குழியோ எந்த லேசருக்கும் அகப்படுவதில்லை.

அந்தப் ‘பின்’ ஹைதராபாத்தில் எப்படி இருக்கிறது? கருவி பார்ப்பது எண்ணை, ஆளை அல்ல. சலான் வண்டியின் பெயருக்குப் போகிறது. வாடகை பைக்காக இருக்கலாம், தம்பி எடுத்துப் போனதாக இருக்கலாம், விற்றுப் பெயர் மாற்றாத வண்டியாக இருக்கலாம். எஸ்.எம்.எஸ். எந்தப் பழைய நம்பருக்கோ போய்ச் சேரும். வேகத்துக்கு 1,000 ரூபாய், சேவைக் கட்டணம் 35 என்று தொகை ஏறிக்கொண்டே போகும். திடீரென்று ஒரு நாள் எங்கோ ஒரு சோதனையில் வண்டி நிற்கும்போதுதான் மொத்தக் கடனும் தெரியவரும்.

இதைவிட விசித்திரம் தள்ளுபடி. சேர்ந்துபோன சலான்களை வசூலிக்க 2022 மார்ச்சில் அரசு ஒரு சலுகை அறிவித்தது: இரு சக்கர வாகனங்கள் கால் பங்கு கட்டினால் போதும். அடுத்து 2023 டிசம்பர் இறுதியில் இன்னொன்று: இந்த முறை 80 சதவீதத் தள்ளுபடி. 1,000 ரூபாய் அபராதம் 200 ஆனது. கஜானா நிரம்பியது, வரிசையில் நின்றவர்களுக்கு மகிழ்ச்சி. ஆனால் உடனுக்குடன் முழுத் தொகையையும் கட்டியவருக்கு அரசு சொன்ன பாடம் என்ன? பொறுத்திருந்தவன் புத்திசாலி என்பதுதான். ஆடித் தள்ளுபடிக்காகக் காத்திருக்கும் மனநிலையோடு சலானுக்காகவும் காத்திருக்கக் கற்றுக்கொண்டது ஊர். நம்பர் பிளேட்டை மடக்கி வைப்பது, துப்பட்டாவால் மறைப்பது, கடைசி எண்ணை மட்டும் காலால் மூடுவது போன்ற கலைகள் தனி. இவற்றைச் செய்பவர் ஒருகையால் ஓட்டுகிறார் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

சாப்பாட்டுப் பெட்டி சுமக்கும் இளைஞருக்கோ இது விளையாட்டல்ல. ஒரு நடைக்குச் சில பத்து ரூபாய் கிடைக்கும் தொழிலில் 1,035 ரூபாய் என்பது ஒரு நாள் வருமானத்தை விழுங்கக்கூடிய தொகை. வேகமாகப் போனால்தான் நடைகள் கூடும், வேகமாகப் போனால் சலான் வரும். அவர் வேகத்தை நிர்ணயிப்பதில் அவருடைய கை மட்டுமல்ல, எங்கோ உட்கார்ந்து நேரம் குறிப்பவர்களின் கையும் இருக்கிறது. அந்தக் கை எந்தப் படத்திலும் விழுவதில்லை.

பேகம்பேட்டிலேயே இதற்கு மாறான ஒரு காட்சியும் உண்டு. போக்குவரத்துப் போலீசின் பயிற்சி நிலையங்களில் ஒன்று இங்கே இருக்கிறது. குடித்துவிட்டு ஓட்டிப் பிடிபட்டவர்கள், நீதிமன்றத்துக்குப் போகுமுன் இங்கே வந்து உட்கார்ந்து பாடம் கேட்க வேண்டும். பல நேரம் வீட்டாரையும் அழைத்து வர வேண்டும். வெட்கமும் அலுப்புமாகத்தான் வருகிறார்கள். ஆனால் அங்கே ஒருவர் இன்னொருவரின் முகத்தைப் பார்த்துப் பேசுகிறார். எஸ்.எம்.எஸ். செய்யாத காரியம் அது.

கேமராவே வேண்டாம் என்று வாதிட இடமில்லை. அது சாதி பார்ப்பதில்லை, லஞ்சம் கேட்பதில்லை, யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரிப்பதில்லை. ஆனால் பலகை வைத்து, விபத்து நடக்கும் இடத்தில் நிறுத்தி, ஒரு வாரத்துக்குள் படத்தோடு நோட்டீஸ் அனுப்பி, தள்ளுபடி இல்லாமல் வசூலித்தால்தான் அது பாடம் சொல்லும். இல்லாவிட்டால் அது இன்னொரு சுங்கச்சாவடி. அபராதம் பெரிதாக இருப்பதைவிட, தப்பாமல் உடனே வருவதுதான் மனிதனை மாற்றுகிறது.

பகலில் இந்தச் சாலையில் 50-ஐத் தாண்டுவதற்கே நெரிசல் விடாது. வேகம் பிறப்பது இரவு பதினொன்றுக்கு மேல், கடைசி மெட்ரோவும் போய், முக்காலியை மடக்கிக்கொண்டு காவலரும் வீட்டுக்குப் போனபிறகு. அப்போது விமான நிலையச் சுற்றுச்சுவர் ஓரம் நேராகக் கிடக்கும் தார்ச்சாலை எந்த இளைஞரையும் கூப்பிடும். க்ரீன்லேண்ட்ஸிலிருந்து பேரடைஸ் வரை 50-ல் போனால் ஆறு நிமிடம். 80-ல் பறந்தால் மூன்றே முக்கால். மிச்சமாகும் இரண்டேகால் நிமிடத்தை வழியில் ஒரு சிவப்பு விளக்கே விழுங்கிவிடும்.